பாத்தியில் ஊற்றிய ஜெப எண்ணெய்

என் அக்கா புருஷன் சகாயராஜுக்கு மரக்காணம் உப்பளத்தில் இன்னொரு பெயர் உண்டு. பேயோட்டி. சும்மா வைக்கவில்லை அந்தப் பெயரை. மொபெட் பஞ்சரானால் பிசாசு. செல்போனில் சார்ஜ் ஏறாவிட்டால் பிசாசு. அக்கா வைத்த சாம்பாரில் உப்பு கூடிப்போனாலும் பிசாசுதான்.

"நாள் பூரா உப்பு சுமக்கிற கை மாமா, கொஞ்சம் கூடத்தான் விழும். அதுக்குமா அவனை இழுப்பீங்க?" என்று கேட்டால், "நீ சின்னப் பொண்ணு ஜான்சி, உனக்கு ஆவி உலகம் தெரியாது" என்பார். எனக்கு முப்பத்தெட்டு வயது.

மற்றபடி மனுஷன் தங்கம். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் முழங்கால் போட்டு ஜெபிப்பார், அப்புறம் தன் மொபெட்டிலேயே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போவார். எங்கள் சபையில் ஜெபக்குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்த மரியாதை அவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன்.

உப்பளத்தில் அவருக்கு ஜோடி சுப்ராயன் அண்ணன். ஒருவர் பாத்திக்குள் இறங்கி மரப்பலகையால் உப்பை இழுத்து வர, மற்றவர் வரப்பில் நின்று வாரிக் குவிக்க வேண்டும். தனியாளாக முடியாத வேலை. இவர் பாத்தியும் அவர் பாத்தியும் பக்கத்துப் பக்கத்தில். இன்று இதில், நாளை அதில் என்று பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள், ஒரே பீடிக்கட்டுக்குச் சண்டையும் போடுவார்கள். மாமா பீடியை விட்ட பிறகு சண்டை மட்டும் மிச்சமிருந்தது.

இந்த வருஷம் மாசி மாசம், மாமாவின் பாத்தி மூலையில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது. அவ்வளவுதான். மாமாவுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. அன்று சாயங்காலமே ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் வாங்கி, அதன்மேல் கைவைத்து ஜெபித்து, மறுநாள் காலையில் பாத்தியின் நாலு மூலையிலும் ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். அதற்கு மறுநாளும்.

பத்து நாள் போயிற்று. சுப்ராயன் அண்ணன் பாத்தி பளபளவென்று விளைந்து கிடந்தது. மாமாவின் பாத்தியில் தண்ணீர் வைத்தது வைத்தபடி நின்றது. "பாத்தியா ஜான்சி, எதிர்க்கிறான்! விட மாட்டேன்!" என்று அடுத்த லிட்டரை வாங்கினார்.

அதோடு நின்றிருந்தால் எண்ணெய்க் காசோடு போயிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, "நம்ம தட்டுல சாப்பிட்ட கையே நமக்கு சூனியம் வெக்குது. பக்கத்துல இருந்துக்கிட்டே என் பாத்தியைக் கட்டி விட்டிருக்காங்க. எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம்தான் என்ன? ஆராதனை முடிந்து நாங்கள் செருப்பு மாட்டுவதற்குள் பேச்சு டீக்கடைக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை சுப்ராயன் அண்ணன் நேராக வந்தார்.

"ஏம்பா, நான் சூனியம் வெச்சேன்னு உன் வாயால சொன்னியா?"

மாமா தரையைப் பார்த்தார்.

"சரி" என்றார் அண்ணன். அவ்வளவுதான். பலகையை எடுத்துக்கொண்டு வேறு ஆளோடு ஜோடி சேர்ந்தார். சாப்பாட்டு நேரத்தில் இவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் அவர் மேற்கே பார்த்து உட்கார்ந்தார். வியாழக்கிழமை சேதி வந்தது: அண்ணன் உப்பளத்தையே விடுகிறார், வரும் திங்கள் முதல் பொம்மையார்பாளையத்தில் மச்சானுடைய சிமென்ட் கடைக்குக் காவலுக்குப் போகிறார்.

அவருடைய மகன் வெற்றிச்செல்வன் என்னிடம், "பிசாசுன்னு ஒண்ணுமே கிடையாதுக்கா, எல்லாம் டூப்பு. உங்க மாமா கிட்ட சொல்லுங்க" என்றான். எனக்கு அப்படி லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. பஞ்சருக்கு ஆணி காரணம், சாம்பாருக்கு அக்கா காரணம். ஆனால் பதினெட்டு வருஷம் ஒரே டிபனில் கைவைத்த இரண்டு பேர் முதுகு காட்டி உட்கார்ந்து சோறு தின்றதைப் பார்த்தபோது நிஜமாகவே பயந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூடையோடு வரப்பில் போனபோதுதான் கவனித்தேன். மாமாவின் பாத்தித் தண்ணீர் வெயிலில் கலர் கலராக மினுங்கியது. விரலை விட்டு முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்! ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். என் அக்கா மேரிசெல்வி அதிகம் பேச மாட்டாள், ஆனால் மூளைக்காரி.

"எண்ணெய் மெதக்கிற கொழம்பு சீக்கிரம் ஆறுமாடி?" என்றாள்.

"ஆறாது. மூடி போட்ட மாதிரி இருக்கும்."

"அப்ப இந்தத் தண்ணி எப்படிக் காயும்?"

இரண்டு எவர்சில்வர் தட்டில் உப்புத் தண்ணீர் எடுத்து மொட்டைமாடியில் வைத்தாள். ஒன்றில் மட்டும் மாமாவின் ஜெப எண்ணெயை ஊற்றினாள். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டையும் கொண்டுவந்து மாமாவின் முன் வைத்தாள். ஒன்றில் வெள்ளை வெளேரென்று உப்பு. இன்னொன்றில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"இந்தத் தட்டுக்கு யாருங்க சூனியம் வெச்சாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாமா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு பீறிட்டது, அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"திங்கக்கிழமை பேசிக்கிறேன்" என்றார் மெதுவாக.

"திங்கக்கிழமை அவர் ஏது? கோபத்தோட பொழுது சாய விடக்கூடாது, அது பிசாசுக்கு நாமளே கதவைத் தொறந்து விடறதுன்னு எங்களுக்கு சொல்லிக் குடுத்தது யாரு? நீங்கதானே? பொழுது சாயப்போவுது, வண்டியை எடுங்க!" என்றேன்.

எடுத்தார். நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். பாதி வழியில் மொபெட் இருமி நின்றது. மாமா வாயைத் திறந்தார். "பெட்ரோல் இல்ல மாமா, வேற யாரும் இல்ல" என்றேன். இறங்கித் தள்ளிக்கொண்டே ஓடினோம்.

வாசலில் அண்ணன் மனைவி அஞ்சம்மாள் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். "வாங்க வாங்க. சூனியக்காரன் வூட்டுக்கு வந்துட்டீங்களே, பயமா இல்லியா?"

மாமா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். எலுமிச்சம்பழத்தைச் சொன்னதும் அஞ்சம்மாள் முறத்தைக் கீழே போட்டார். "ஐயோ கடவுளே! எங்க பாத்தியில புது மோட்டாருக்குப் பூசை போட்டு நான் வெச்ச பழம்யா அது! காத்துல உருண்டு வந்திருக்கும்!"

எண்ணெயைச் சொன்னபோது அண்ணன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சிடு சுப்ராயா" என்றார் மாமா.

"என்னை வூட்ல வந்து திட்டியிருந்தா வூட்ல மன்னிச்சிருப்பேன். எங்க சொன்னியோ அங்க சொல்லு. நான் வந்து கேக்கறேன்."

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. ஜெபக்குழுத் தலைவர், அத்தனை பேர் முன்னால் நின்று எண்ணெய்க் கதையைச் சொல்வதா?

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அஞ்சம்மாளும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். சாட்சி நேரம் வந்தது. மாமா எழுந்தார்.

"போன வாரம் இதே எடத்துல நின்னு பொய் சொன்னேன். சுப்ராயன் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல. பாத்தியைக் கெடுத்தது நான் ஊத்தின எண்ணெய். பிசாசு இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். அவன் இருக்கான். அவனை ஏசு ஜெயிச்சிட்டாருன்னும் நம்பறேன். ஆனா அவனைத் தேடி நான் பாத்தி பூரா அலைஞ்சப்ப, அவன் என் நாக்குல உக்காந்திருந்தான். நான் பாக்கல."

எங்கள் பாஸ்டர் சாலமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேற யாராவது சாட்சி சொல்றீங்களா?" என்று வழக்கம்போல் கேட்டார்.

"நான் சொல்லலாங்களா ஐயா?"

திரும்பிப் பார்த்தால், சுப்ராயன் அண்ணன் எழுந்து நிற்கிறார்.

"நான் உங்க சபை ஆள் இல்லீங்க. ஆனாலும் சொல்லிடறேன். தண்ணியில எண்ணெய் மெதக்கறது திங்கக்கிழமையே என் கண்ணுல பட்டுச்சு. அது கெடந்தா உப்பு விளையாதுன்னும் தெரியும். பேரைக் கெடுத்தவன்தானே, நாசமாப் போவட்டும்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். என்னையும் மன்னிக்கச் சொல்லுங்க அவனை."

"அடப்பாவி!" என்று சபை நடுவிலேயே கத்தினார் மாமா. "ரெண்டாவது லிட்டர் பாதிதான்டா ஊத்தியிருந்தேன்! அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாது?"

பாஸ்டரே சிரித்துவிட்டார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மாமா பெஞ்சைத் தாண்டிக் கடைசி வரிசைக்கு ஓடிப்போய் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அண்ணன் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, "போதும்டா, சட்டை நனையுது" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அஞ்சம்மாளைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை சிமென்ட் கடைக்கு யாரும் போகவில்லை. விடிந்ததும் இருவரும் மாமாவின் பாத்தியில் இறங்கி, மடையை வெட்டி எண்ணெய்த் தண்ணீரை வெளியே விட்டார்கள். எத்தனை லிட்டர் ஊற்றினாய் என்று அண்ணன் கேட்டுக்கேட்டு வம்பிழுத்துக்கொண்டிருந்தார்.