உள்ளிழுத்த ஆமாம்

நர்ஸ் ஆகும் ஆசை பெர்னில்லாவுக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் வந்தது. அதுவரை ஸ்வீடனின் தெற்குக் கோடியில், கடலோரச் சிற்றூர் ஒன்றில், முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். கணவனுக்கு வடக்கே மர ஆலையில் வேலை கிடைத்ததும் கடையைக் கைமாற்றிவிட்டு இந்தக் காட்டு ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். "இங்க தலையும் கம்மி, தலைமயிரும் கம்மி. நீ என்ன செய்யப்போற?" என்று கேலி செய்தான் அவன். தலைக்குக் கீழே என்ன இருக்கிறதென்று பார்த்தால் போயிற்று என்று சொல்லிவிட்டு, மறுவாரமே கல்லூரியில் பெயர் கொடுத்தாள்.

இரண்டாம் ஆண்டுப் பயிற்சிக்கு ஆற்றங்கரையில் இருந்த சிறிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவளை மேற்பார்வை பார்த்த நர்ஸ் யில்வா, அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். பிறந்ததும் வளர்ந்ததும் அதே ஊர்தான். நாடி பிடிப்பது, மூச்சு எண்ணுவது, நகக்கண்ணின் நிறம் பார்ப்பது, விலா இரண்டு பக்கமும் ஒன்றுபோல எழும்புகிறதா என்று கவனிப்பது என எல்லாம் பெர்னில்லாவுக்குப் பிடித்திருந்தது. ஆளோடு பேசிக்கொண்டே ஆளைப் பார்க்கும் வேலை. கண்ணாடி முன்னால் இருபது வருஷம் அதைத்தானே செய்தாள்!

ஆனால் முதல் நாளே சறுக்கிவிட்டாள்.

ஜன்னலோரப் படுக்கையில் எவர்ட் இருந்தார். காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டியே காலம் கழித்தவர். கூரை ஏறப்போய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நகரத்தில் அறுவை முடிந்து, மறுபடி நடந்து பழக இங்கே வந்திருந்தார். காபியில் பாலாடைக்கட்டித் துண்டு மிதக்காவிட்டால் அதைக் காபி என்றே ஒப்புக்கொள்ளமாட்டார்.

"நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டாள் பெர்னில்லா.

"ஷூப்!"

யாரோ முதுகில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றியதுபோல, சட்டென்று உள்ளே இழுத்த மூச்சு.

"வலிக்குதா?"

தலையை ஆட்டி இல்லை என்றார்.

"சாப்பிட்டீங்களா?"

"ஷூப்!"

மனிதர் மூச்சுக்குத் திணறுகிறார்! பிராணவாயுக் குழாயை எடுத்து மூக்கில் மாட்டி, டாக்டரையும் ஓடிவரச் செய்துவிட்டாள்.

அன்று காபி அறையில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "அடிப் பாவி, அது மூச்சுத்திணறல் இல்ல, அதுதான் 'ஆமா'!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் யில்வா. "இங்க ஆமா சொல்றதுக்கெல்லாம் வாயத் தொறந்து குளிர உள்ள விடமாட்டோம். மூச்ச இழுத்தாப் போதும்."

பெர்னில்லாவும் அதைக் கேள்விப்பட்டிருந்தாள். நேரில் இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் மருந்துக்கு வந்த ஒரு பாட்டியின் நீலம் படிந்த விரல்களைப் பார்த்து மறுபடி டாக்டரைக் கூப்பிட்டாள். பாட்டி காலையில் நாவல் பழம்போலக் கறைபடும் காட்டுப் பழம் பறித்திருந்தாள். பாதிப் பயிற்சி முடிந்தபோது யில்வா சிரிக்காமலே சொன்னாள்: "உன் கை நல்ல கை, பெர்னில்லா. ஆனா இல்லாத நோயெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியுது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நான் எப்படிக் கையெழுத்துப் போட்டு உன்னத் தேத்தி விடுறது?"

அதன்பிறகு பெர்னில்லா வாயை அடக்கிக்கொண்டாள். எவர்ட் மட்டும் விடவில்லை. "வாம்மா தெக்கத்தி! இன்னிக்கு நான் உயிரோட இருக்கேனா? பாத்துச் சொல்லு" என்பார், அவள் உள்ளே நுழையும்போதெல்லாம்.

செப்டம்பர் பிறந்தது. மூஸ் என்னும் பெரிய காட்டுமான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் எவர்ட்டை வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அந்தத் திங்கட்கிழமை ஊரில் ஆலைக்கும் பள்ளிக்கும் பாதி விடுமுறை மாதிரிதான். எவர்ட்டால் துப்பாக்கி தூக்கிக்கொண்டு காட்டில் நடக்க முடியாது. ஆனால் வேட்டைக் குடிசையில் அடுப்போரம் உட்கார்ந்து காபி வைக்க இடுப்பு எதற்கு? வேட்டைக் கூட்டாளி ஒருவர் மதியம் வண்டியோடு வருவதாக இருந்தது.

காலையில் அவருடைய பையைக் கட்டிக்கொடுத்தபடி பெர்னில்லா கேட்டாள்: "மாத்திரையெல்லாம் எடுத்து வச்சிக்கிட்டீங்களா?"

"ஆமா."

"குடிசைல கட்டில் இருக்கா? தரையில படுத்துறாதீங்க."

"ஆமா, இருக்கு."

"கைத்தடி?"

"ஆமா, ஆமா."

அவள் கை பையின் மேலேயே நின்றது. இத்தனை நாளில் இந்த மனிதர் ஓர் ஆமாவுக்குக் குரலைச் செலவழித்து அவள் கேட்டதில்லை. இன்று வரிசையாகச் செலவழிக்கிறார். தெக்கத்தி என்றும் கூப்பிடவில்லை.

உடனே யில்வாவின் முகம் நினைவுக்கு வந்தது. ஒன்றுமில்லாததைப் பெரிதாக்கினால் படிப்பு போச்சு. பேசாமல் இருந்தால் இவர் சாயங்காலம் நடுக்காட்டில் இருப்பார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல விரலை வைத்துக்கொண்டு, கண்ணால் சட்டையின் பொத்தான்களைப் பார்த்தாள். நாடி முயல்போல ஓடியது. மூச்சு மேலோட்டமாக, வேகவேகமாக. வலது விலா எழும்பத் தயங்கியது. ஒரு நிமிடம் முழுதாக எண்ணினாள். நம்பாமல் மறுபடியும் எண்ணினாள்.

"எவர்ட், ஒரு தடவ மூச்ச நல்லா உள்ள இழுங்க."

"எதுக்கு? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"சரி. நல்லா இருக்கீங்களான்னு நான் கேக்குறேன். உங்க ஊர் ஆமாவுல சொல்லுங்க."

எவர்ட் அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். உதட்டைக் குவித்து இழுக்கப்போனார். பாதியிலேயே முகம் சுருங்கி மூச்சு நின்றுவிட்டது.

"ராத்திரியிலேர்ந்து கத்தியால குத்துற மாதிரி இருக்கும்மா," என்றார், திருட்டுத்தனம் பிடிபட்ட குரலில். "வேட்டை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

பெர்னில்லா அழைப்பு மணியை அழுத்தி, வாசலுக்கு வந்த யில்வாவிடம் படித்த வரிசைப்படியே சொன்னாள்: மூச்சு நிமிடத்துக்கு இருபத்தெட்டு, நாடி வேகம், வலது பக்கம் சரியாக எழும்பவில்லை, இழுத்தால் குத்துகிறது.

"மறுபடியுமா, பெர்னில்லா?" என்று பெருமூச்சு விட்டாள் யில்வா.

"மறுபடியும்தான். ஆனா இந்தத் தடவ அவர் ஆமாவ வாயால சொல்றாரு."

யில்வாவின் முகம் மாறிவிட்டது. "எவர்ட்டா? வாயாலயா? காலையில நானும்தான் அவர்கிட்ட பேசினேன், எனக்கு உறைக்கவே இல்லையே!" என்று சொல்லிக்கொண்டே டாக்டரின் எண்ணை அழுத்தினாள்.

கூட்டாளியின் வண்டிக்கு முன்னால் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. காலில் உறைந்த இரத்தம் நழுவி நுரையீரலில் அடைத்திருக்கிறது என்று நகரத்திலிருந்து சேதி வந்தது. நேரத்தோடு மருந்து ஏற்றியதால் ஆபத்து விலகியது.

அடுத்த சனிக்கிழமை எவர்ட் அதே ஜன்னலோரப் படுக்கைக்குத் திரும்பி வந்தபோது வேட்டை முடிந்திருந்தது. அவர் இல்லாமலே மூன்று மான்கள். குடிசையில் யாரோ கழுநீர் மாதிரிக் காபி வைத்தார்களாம். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக் குமுறினார். பெர்னில்லாவின் பயிற்சித் தாளில் யில்வா அதற்கு முந்தின நாளே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தாள்.

"என் பங்கு இறைச்சி வரும்," என்றார் எவர்ட். "ஏம்மா தெக்கத்தி, நீங்கள்லாம் மூஸ் மான் தின்பீங்களா?"

பெர்னில்லா உதட்டைக் குவித்து, சட்டென்று மூச்சை உள்ளே இழுத்தாள். எச்சில் புரையேறி, கண்ணில் நீர் வரும்வரை இருமினாள்.

எவர்ட் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன சிஸ்டர், மூச்சு விடக் கஷ்டமா இருக்கா? டாக்டரக் கூப்பிடவா?"