வழுக்கிய சரிவும் வைரவன் கொத்தனாரும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட் கொடுப்பவர் குனிந்து, "வழுக்குக் கொத்தனார் தவறிட்டாரு, கேள்விப்பட்டீங்களா கிராணியாரே?" என்றார். வைரவன் என்ற பெயர் அவருக்குத் தெரியாது. நகரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. காய்ச்சல் என்று மூன்று நாள் படுத்தவர் நான்காம் நாள் எழுந்திருக்கவில்லையாம். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, குமாஸ்தாவாக இருக்கும் தண்ணீர் இலாகா அலுவலகத்துக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டு, நேராக அவர் வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டு முன்னால் போட்ட பந்தலில் அவருடன் வேலை செய்தவர்கள் உட்கார்ந்து ஏரிச் சரிவுக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டில் சிரித்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. செத்தவரே அந்தக் கதையை எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் சொல்லுவார். ஆனால் அதில் ஒரு பொய் இருக்கிறது. அது பொய் என்று தெரிந்தவர்கள் பதினாறு வருஷமாக இரண்டே பேர் என்று நினைத்திருந்தேன். அவர் போக, மிச்சம் நான் ஒருவன்தான். அந்தப் பொய்யோடு அவரை அனுப்பிவைக்க எனக்கு மனசில்லை. அதனால்தான் அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

பெரிய சண்டை முடிந்த மறு வருஷம். ஆயர் ஈத்தாமுக்கு மேலே, நகருக்குக் குடிதண்ணீர் போகும் ஏரியில் பாசி எடுக்கவும் ஆழம் பார்க்கவும் ஒரு கனத்த மரப் படகு உண்டு. கரை முழுவதும் சேறு. படகை இறக்குவதற்குள் ஆறு ஆட்களும் முழங்கால்வரை புதைவார்கள். ஒருவருக்குக் கால் முறிந்த பிறகுதான் எங்கள் துரை ஒரு கான்கிரீட் சரிவு கட்ட உத்தரவு போட்டார். மேலே கரையில் தொடங்கித் தண்ணீருக்குள் பத்தடி போக வேண்டும். துரை வரைபடம் போட்டார். அதைக் கொத்தனாருக்கு வாசித்துச் சொல்வது என் வேலை. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஊரிலிருந்து கப்பலில் மனைவியை வரவழைத்து இரண்டு மாதம்கூட முடியவில்லை.

வைரவன் காரைக்குடிப் பக்கத்துக்காரர். இங்கே செட்டியார் வீடுகளில் சுவர் பூசியே பேர் எடுத்தவர். அவர் பூசிய சுவரில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம். இதை அவரே எல்லாரிடமும் சொல்லுவார். அடக்கம் என்பது அவருக்கு ஒத்துக்கொள்ளாத பதார்த்தம். துரை அவருக்கு ஒன்று சொல்லியிருந்தார்: இந்தச் சரிவை ஒழுங்காக முடித்தால் தண்ணீர் இலாகாவில் ஆட்களை மேய்க்கும் நிரந்தர மண்டோர் வேலை, குடியிருக்க வீடு. மேஸ்திரியாக அன்றாடம் வேலை தேடி அலைந்தவருக்கு அது பெரிய காரியம். அவர் மனைவி அந்த வீட்டை வெளியே நின்று இரண்டு முறை பார்த்துவிட்டு வந்திருந்தார்.

தண்ணீருக்குள் கான்கிரீட் போட, முதலில் தண்ணீரை விலக்க வேண்டும். களிமண் மூட்டைகளை அரைவட்டமாக அடுக்கி, உள்ளே இருந்த தண்ணீரை மண்ணெண்ணெய்த் தகரங்களால் இறைத்துத் தள்ளினோம். பாதி கான்கிரீட் விழுந்திருக்கும்போது மூட்டைச் சுவர் ஓரிடத்தில் பிய்த்துக்கொண்டது. எல்லாரும் கரைக்கு ஓடினார்கள், நான் முதல் ஆள். வைரவன் மட்டும் அந்த ஓட்டையில் போய் முதுகை வைத்து உட்கார்ந்துவிட்டார். "என்னைச் சுத்தி மூட்டை அடுக்குங்கடா" என்றார். கழுத்துவரை மூட்டைகளுக்கு நடுவில் இருந்துகொண்டே சிமெண்டுக்கும் மணலுக்கும் அளவு சொன்னார். கான்கிரீட் ஊற்ற ஆரம்பித்தால் சோற்றுக்குக்கூட நிறுத்தக் கூடாது என்பது அவர் சட்டம். அங்கம்மாள் என்ற சித்தாள் அவருக்கு அங்கேயே கஞ்சி ஊட்டிவிட்டார்.

அதற்கு முந்தின வாரம்தான் நான் தப்பு செய்தேன். கயிறு கட்டி அளவு பிடிக்கும்போது நான் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீளம், அகலம், கனம் என்று கத்திக்கொண்டிருந்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது. அதை நான் பார்த்தேன், படிக்கவில்லை. மழை இறங்குகிற நேரம், வரைபடம் நனைந்தால் துரை கோபிப்பார். மடித்துப் பைக்குள் வைத்தேன். அன்று மாலை துரை, எல்லாம் வாசித்துச் சொன்னாயா என்று கேட்டார். ஒரு வரி விடாமல் சொன்னேன் என்றேன்.

அந்த இரண்டு வரி என்ன சொல்லியது தெரியுமா? மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும், சாணுக்கு ஒரு குறுக்குக் கோடு பள்ளமாகப் போட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் காரைக்குடிக் கொத்தனார் என்ன செய்வார்? கான்கிரீட் இறுகியதும் மேலே சிமெண்டுப் பாலைப் பூசி, நான்கு பெண்களை வரிசையாக உட்காரவைத்து, கூழாங்கல்லால் மூன்று நாள் தேய்க்கவைத்தார். யாரும் கேட்காத வேலை. "சர்க்காரு வேலைன்னா செட்டியார் வீட்டுக்குக் கொறைச்சலா இருக்கலாமா?" என்றார். சரிவு கண்ணாடியாக மின்னியது. அழகாக இருக்கிறது என்று நானும் மெச்சினேன். பிறகு மூட்டைகளை எடுத்துத் தண்ணீரை உள்ளே விட்டோம்.

துரை வெள்ளை உடுப்பில் வந்தார். படகை மேலே வைத்ததுதான் தாமதம், அது யாருக்கும் காத்திராமல் சறுக்கிக்கொண்டு போய் ஏரியின் நடுவில் நின்றது. கயிற்றைப் பிடித்திருந்த நால்வரும் பின்னாலேயே போனார்கள். அவர்களைத் தூக்கப் போன துரையும் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தார். பந்தலில் எல்லாரும் சிரித்தது இந்த இடத்தில்தான். அன்று அங்கே யாரும் சிரிக்கவில்லை.

துரை நனைந்தபடியே என்னைப் பார்த்து, ஓரத்தில் எழுதியதை இவனுக்குச் சொன்னாயா என்று மலாயில் கேட்டார். ஆட்கள் எல்லாருக்கும் புரியட்டும் என்றுதான் மலாய். கப்பலேறிப் போகும் என் மனைவியின் முகம்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் வைரவன் முன்னால் வந்து, அதே மலாயில், சொன்னார் துவான், நான்தான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இதுதான் அந்தப் பொய். அவர் சொன்னார், நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

துரை எல்லாவற்றையும் உடைத்தெறியச் சொன்னார். அப்போது அங்கம்மாள்தான், "அம்மி வழவழன்னு போனா தூக்கியா போடுறோம்? கொத்தித்தானே அரைக்கிறோம், மேஸ்திரியண்ணே" என்றார். வைரவன் ஐந்து நாள் கேட்டு வாங்கினார். மறுபடியும் மூட்டை, மறுபடியும் இறைப்பு. தன் கையால் தேய்க்கவைத்த கண்ணாடியைத் தானே உளி வைத்துக் கொத்தினார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நானும் ஒரு உளியை வாங்கி ஒரு கோடு கொத்தினேன், கோணலாக வந்தது. ஆறாம் நாள் படகு இறங்கியது, ஏறியது, ஒருவர் கால்கூட வழுக்கவில்லை. இன்றும் அப்படித்தான். இந்தத் தீவில் மழைக்கும் பாசிக்கும் அசையாத ஒரு சரிவு உண்டென்றால் அது அதுதான், இதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் மண்டோர் வேலை வேறொருவருக்குப் போனது. அவருக்குக் கிடைத்தது வழுக்குக் கொத்தனார் என்ற பட்டம். எனக்கு அந்த வருஷக் கடைசியில் வேலை நிரந்தரமானது.

சரிவு முடிந்த அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய் அந்த இரண்டு வரியைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. துரை கேட்டபோது என் முகம் போன போக்கிலேயே கண்டுபிடித்துவிட்டாராம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "எனக்கு எங்க போனாலும் கரணை இருக்கு. பேனாவை விட்டா உங்களுக்கு வேற என்னா தெரியும், கிராணியாரே? நீங்க கொத்துன கோட்டைத்தான் பார்த்தேனே" என்றார். அவர் மனைவி உள்ளே பாத்திரத்தை ஓசையோடு வைத்தார்.

பிறகு பல தடவை, துரையிடம் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பிப்பேன். "விடுங்க லா, சரிவு நல்லா நிக்குதுல்ல" என்பார். அவர் தடுத்ததால் சொல்லவில்லை என்று இத்தனை வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அவர் தடுப்பார் என்று தெரிந்துதான் அவரிடம் போய்க் கேட்டேன். நேராகத் துரையிடம் சொல்லியிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் இதையெல்லாம் எழுதி இப்போதைய துரையின் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, பழைய கதை, போய் வேலையைப் பாருங்கள் என்றார். பிறகு வைரவன் மனைவியிடம் போய்ச் சொன்னேன். எனக்குத் தெரியுமே என்றார். தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டேன்.

அவர் ஞாபகமாக எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று மகன் கரணையையும் மட்டப்பலகையையும் கொண்டுவந்து காட்டினான். வேண்டாம் என்றேன். அவர் கொடுத்தது ஒன்று பதினாறு வருஷமாக என்னிடம் இருக்கிறது. தினமும் காலையில் அலுவலகத்துக்குப் போய் அதில்தான் உட்காருகிறேன்.