ஊசிக்கு வராத மஜ்ஜை

மீனாட்சிபுரம் பால் சொசைட்டியில் மோகனசுந்தரம் சோதிக்காமல் ஒரு கேன் பாலும் உள்ளே போனதில்லை. இருபத்தாறு வருஷமாக அதே வேலை. தினமும் காலையில் நூறு பேர் அவர் முகத்தைப் பார்த்து நிற்பார்கள். கொழுப்பு எவ்வளவு என்று சொல்லிவிட்டால் போய்விடுவார்கள். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் அப்புசாமி வாய்க்கால் தகராறில் பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷம்.

ஐம்பத்துநாலு வயதில் களைப்பு வந்தது. கேனைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. பல் துலக்கினால் ரத்தம் கசிந்தது. உள்ளூர் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார். மூன்று மாதம் ஓடியது. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றுமே இறங்கிக்கொண்டே போயின. ஏனென்று தெரியாமல், கோயம்புத்தூருக்குப் போகச் சொன்னார்.

அங்கே ரத்தநோய் டாக்டர் கிருத்திகா கேட்டார்: "கூட யாருங்க வந்திருக்காங்க?"

"நான் மட்டுந்தானுங்க."

அவசரத்துக்கு ஒரு நம்பர் வேண்டுமென்றார்கள். சொசைட்டி நம்பரை எழுதினார்.

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சிப் பார்த்தார்கள். ஒரு சொட்டும் வரவில்லை. எலும்புத் துணுக்கு ஒன்றை எடுத்து அனுப்பினார்கள். அதன் முடிவு வர நாளாகும் என்பதால் கையிலிருந்தும் ரத்தம் எடுத்தார் டாக்டர்.

"ஃப்ளோ சைட்டோமெட்ரின்னு ஒரு டெஸ்ட்டுங்க. ஒவ்வொரு வகை அணு மேலயும் ஒட்டற மாதிரி சாயம் கலந்து, ஒவ்வொண்ணா லேசர் வெளிச்சத்துல ஓட விடுவோம். எது எந்த வகைன்னு மெஷின் பிரிச்சுச் சொல்லிரும்."

"எங்க மெஷின் பால மொத்தமாத்தான் பாக்குமுங்க," என்றார் மோகனசுந்தரம். அன்றைக்கு அவர் தானாகப் பேசியது அது ஒன்றுதான்.

இரண்டாம் நாள் முடிவு வந்தது. நூறு வெள்ளையணுவில் நாலு, இருக்கக்கூடாத அணு. ஹேரி செல் லுக்கீமியா என்றார் டாக்டர்; அணுவின் மேல் முடி போல நீட்டியிருக்குமாம்.

"ரத்தப் புற்றுநோய்தானுங்க. இதுல மஜ்ஜை நாராக் கெட்டியாயிரும், அதான் ஊசிக்கு வரல. ஆனா மெதுவா வளர்ற வகை. ஒரு வார மருந்துக்கே பெரும்பாலும் நல்லாக் கேக்கும்."

பெயர் தெரிந்ததே அவருக்கு ஆறுதலாக இருந்தது. வராந்தாவுக்கு வந்து அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டார். அண்ணி கமலாத்தாள் எடுத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவரு தோட்டத்துல இருக்காருங்க, வந்ததும் சொல்றேனுங்க" என்றாள். மருந்து ஏறிய ஏழு நாளும் போனைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தார். வந்தது ஒரே அழைப்புதான், சொசைட்டியிலிருந்து. அலமாரிச் சாவி எங்கே என்று.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "ரெண்டு மாசம் கூட்டத்துக்குள்ள போகாதீங்க, யாரையும் கிட்ட சேக்காதீங்க" என்றார். அதில் அவருக்குச் சிரமமே இருக்கவில்லை. கஞ்சி வைத்துக் குடித்தார். வாரத்துக்கு ஒருமுறை முகமூடி கட்டிக்கொண்டு பொள்ளாச்சி போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தார். இடையில் ஒரு காய்ச்சல். தானே ஆட்டோ பிடித்துப் போய் ஆஸ்பத்திரியில் படுத்து, தானே திரும்பி வந்தார்.

ஒன்பதாவது வாரம் கோயம்புத்தூரில் பார்த்தபோது மூன்று வகை அணுக்களும் ஏறியிருந்தன. நோய் வருஷங்கள் கழித்துத் திரும்பலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கண்டக்டரிடம், "எனக்கு ரத்தம் ஏறிருச்சுங்க" என்றார்.

"எத்தன பாட்டில் ஏத்துனாங்க?"

"ஏத்துலீங்க. தானா ஏறிருச்சு."

கண்டக்டர் மீதிச் சில்லறையை அவர் கையில் வைத்தார். "நல்லதுங்க, தள்ளி உக்காருங்க" என்று அடுத்த சீட்டுக்குப் போனார். மோகனசுந்தரம் ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்தார். பக்கத்து இடம் மீனாட்சிபுரம் வரை காலியாகவே வந்தது.