அக்கா கையில் ஒரு பிஸ்டுலா

என் அக்காவிடம் முடி வெட்ட உட்கார்ந்தவர்கள் தங்கள் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அவள் அப்படிக் கேட்பாள். விமான நிலையத்தில் வேலை பார்க்கும் பெண் வந்தால், மூடின பெட்டிக்குள் இருப்பது திரையில் எப்படித் தெரிகிறது என்பாள். பல் டாக்டர் வந்தால், பல்லுக்குள் நரம்பு எந்த வழியாக நுழைகிறது என்பாள். நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்தும் பியூட்டி பார்லருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று உண்டு. ஆனால் வருகிறவர்கள் எல்லோருக்கும் அது "கேள்விக்கடை"தான்.

அப்படிப்பட்டவள் தன் உடம்பை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டிருந்தாள். கால் வீங்கினால் நாள் முழுக்க நிற்பதால் என்றாள். மூச்சு வாங்கினால் வயசு என்றாள். ஒரு நாள் ஒருத்திக்குப் பாதி முடி வெட்டிக்கொண்டிருக்கும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். பல வருஷமாகச் சத்தமில்லாமல் இருந்த ரத்தக்கொதிப்பு செய்த வேலை. கழுத்தில் ஒரு குழாயைச் செருகி அன்றைக்கே டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள்.

முதல் வாரம் அக்கா வாயைத் திறக்கவே இல்லை. எனக்கு நோயைவிட அந்த மௌனம்தான் பயமாக இருந்தது. அக்காவின் கணவர், எங்கள் மாமா, அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்து, அதை அவள் சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் சொன்னதும் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ரத்தக்குழாய் டாக்டர் வந்தார். ஒல்லியான மனிதர், வேகமாகப் பேசுவார்.

"கழுத்துக் குழாயை ரொம்ப நாள் வச்சிருக்கக் கூடாது, கிருமி ஏறிடும். சீக்கிரமா கையில ஒரு பிஸ்டுலா வச்சிடலாம்" என்றார்.

"வாங்கிட்டு வரணுமா?" என்றார் மாமா.

"எதை?"

"அந்த பிஸ்டுலாவை."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அது கடையில கிடைக்கிற பொருள் இல்லைங்க. அவங்க கையில இருக்கிற தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைக்கப் போறேன். அவ்வளவுதான்."

அப்போதுதான் அக்கா தலையைத் தூக்கினாள். "என்கிட்ட இருக்கிறதையே எனக்கு வைக்கிறதா? எதுக்கு?"

எனக்கு உயிர் வந்தது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தமனியில் இதயம் தள்ளிவிடும் ரத்தம் வேகமாக ஓடும், ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது, அதில் அடிக்கடி ஊசி குத்த முடியாது. சிரை தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, ஆனால் அதில் ஓட்டம் மந்தம், மெஷினுக்குப் பற்றாது. தமனி ரத்தத்தை நேராகச் சிரைக்குள் திருப்பிவிட்டால் சில வாரத்தில் சிரை பருத்து, சுவர் தடித்து, ஊசி தாங்கும் குழாயாக ஆகிவிடும்.

"சாதாரணமா அது ரெண்டும் சேராதா?"

"சேரும். ஆனா நடுவுல முடியைவிட மெல்லிசான குழாய் வழியா சுத்திக்கிட்டு வரும். அந்தச் சுத்து வழியைத்தான் தவிர்க்கிறோம்."

"அப்போ என் விரலுக்குப் போக வேண்டிய ரத்தம்?"

"நல்லாக் கேட்டீங்க. சிலருக்குக் குறையும். விரல் ஜில்லுனு ஆகும், மரத்துப்போகும். அதை நாங்க ஸ்டீல்னு சொல்லுவோம். திருட்டு."

"என் கையிலேயே என் கைக்குத் திருட்டா! நல்லா இருக்கே" என்றாள் அக்கா. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மணிக்கட்டுப் பக்கம் தைத்தால் அந்த ஆபத்து குறைவு என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இதற்கிடையில் மாமா சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "அவளுக்கு பிஸ்டுலா ஆபரேஷன்" என்று சொல்லிவைத்திருந்தார். இரண்டு நாள் கழித்து அக்காவின் நாத்தனார் ஒரு பெரிய பையோடு வந்து, கதவைச் சாத்திவிட்டு, காதோடு காதாகச் சொன்னாள்: "வெக்கப்படாதே. எங்க வீட்டுக்காரருக்கும் இருந்துச்சு. இது இல்லாம உட்காரவே முடியாது." பைக்குள் நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் மெத்தை.

நாங்கள் இருவரும் விழித்தோம். பிறகு அக்காவுக்குப் புரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, இது கையில வர்றது! பவுத்திரம் இல்லை!"

நாத்தனார் போனதும் அவளுக்கு அதே யோசனை. ஆசனவாயில் வரும் பவுத்திரத்துக்கும் டாக்டர்கள் பிஸ்டுலா என்றுதான் சொல்கிறார்கள். அங்கேயும் பிஸ்டுலா, இங்கேயும் பிஸ்டுலாவா? மறுநாள் டாக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டும் ஒரே சொல்தான்மா. உடம்புல வழி இருக்கக் கூடாத இடத்துல ஒரு வழி ஏற்பட்டா அது பிஸ்டுலா. அங்கே அது தானா வந்த கோளாறு. இங்கே நாங்களா பண்றது."

"கோளாறை வேணும்னே பண்றீங்க."

"ஆமா. உபயோகப்படுற கோளாறு."

அக்கா இடதுகைக்காரி. கத்திரி இடது கையில், சீப்பு வலது கையில். அதனால் வலது கையில் தைப்பதாகத்தான் பேச்சு. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் வலது கைச் சிரைகள் நூலாக இருந்தன. முன்பு ஏதோ காய்ச்சலுக்கு ஏற்றிய குளுக்கோஸ் ஊசிகளில் கெட்டுப்போயிருக்கலாம் என்றார் டாக்டர். வலது கையென்றால் பிளாஸ்டிக் மாதிரி ஒரு செயற்கைக் குழாயை நடுவில் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் கிராஃப்ட். அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், கிருமியும் எளிதில் பிடிக்கும். இடது கைச் சிரை அருமையாக இருந்தது.

நான் பயந்தேன். "அக்கா, அது உன் கத்திரிக் கையாச்சே."

அவள் டாக்டரிடம் கேட்டாள்: "தைச்ச பிறகு கத்திரி பிடிக்கலாமா?"

"காயம் ஆறினதும் பிடிக்கலாம். கனம் தூக்கக் கூடாது, அந்தக் கையை அழுத்திப் படுக்கக் கூடாது, அதுல யாரும் பிரஷர் பாக்கக் கூடாது. விரலை அசைச்சுக்கிட்டே இருந்தா இன்னும் நல்லது."

"அப்போ இடது கையிலேயே தைங்க. என் வேலையே விரலை அசைக்கிறதுதான்."

ஆபரேஷன் முடிந்த அன்று நர்ஸ் அவளுடைய வலது கை விரல்களை எடுத்துக் கட்டுக்கு மேலே மெதுவாக வைத்தாள். "த்ரில் தெரியுதா?"

"சினிமா பாத்தா வர்றதா?" என்றார் மாமா.

அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு என் விரலை இழுத்து வைத்தாள். மடியில் பூனை படுத்துக் குறுகுறுப்பது போல ஓர் அதிர்வு, விடாமல். அதுதான் த்ரில். அது இருக்கும்வரை ஓட்டம் இருக்கிறது என்று பொருள். தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும், ஒரு நாள் இல்லாமல் போனால் அன்றைக்கே ஓடி வர வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள்.

சில மாதத்தில் சிரை நன்றாகப் பருத்தது. கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அக்கா கடைக்கு வந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் த்ரில்லைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அடுத்த கோடையில் அவளுக்கு ஒரு நாள் முழுக்க வயிற்றுப்போக்கு. மறுநாள் சோர்ந்த முகத்தோடு கடைக்கு வந்து, வங்கி மேனேஜர் அம்மாவின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். திடீரென்று பிரஷ்ஷை வைத்துவிட்டு மணிக்கட்டைத் தொட்டாள். கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடியும் தொட்டாள்.

"இங்க வா. உனக்குத் தெரியுதா பாரு."

நான் தொட்டேன். ஒன்றும் இல்லை. கதகதப்பான தோல், அவ்வளவுதான்.

மாமாவுக்குப் போன் போட்டேன். "நாளைக்கு டயாலிசிஸ்தானே, அப்போ காட்டிக்கலாமே" என்றார். அக்கா போனைப் பிடுங்கினாள். "நாளைக்கு ரத்தம் கல்லாயிடும். நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க."

எங்களிடம் வண்டி இல்லை. மேனேஜர் அம்மா எழுந்தாள். தலை முழுக்கச் சாயம், மேலே பிளாஸ்டிக் தொப்பி, கழுத்தில் எங்கள் துண்டு. "என் கார் வாசல்ல இருக்கு" என்றாள்.

"உங்க முடி?"

"முடி வளரும். ஏறுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி அந்தத் தொப்பியைப் பார்த்துவிட்டு மேனேஜர் அம்மாவுக்குத்தான் சக்கர நாற்காலி கொண்டுவந்தார். அக்காவை உள்ளே அழைத்துப் போன பிறகு, கை கழுவும் தொட்டியில் மேனேஜர் அம்மாவின் தலையை நான் அழுதுகொண்டே அலசிவிட்டேன். "அழாம அலசு. கண்ணுல போகுது" என்றாள் அவள்.

உள்ளே கையை மட்டும் மரக்க வைத்திருந்தார்கள். தைத்த இடத்துக்கு மேலே சிரை ஓரிடத்தில் சுருங்கியிருந்ததாம். உடம்பில் தண்ணீர் குறைந்ததும் அங்கே ரத்தம் உறைந்திருக்கிறது. கட்டியை எடுத்துவிட்டு, சுருங்கின இடத்தில் பலூனை விட்டு ஊதி விரித்தார்கள். அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, எது தமனி, எது சிரை, பலூன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். "ஊதும்போது மட்டும் கொஞ்சம் பேசாம இருங்கம்மா" என்று டாக்டர் கெஞ்சினாராம்.

வெளியே வந்ததும் அவள் கையை நீட்டினாள். நானும் மாமாவும் ஒரே நேரத்தில் தொட்டோம். பூனை திரும்பி வந்திருந்தது. மாமா கையை எடுக்கவே இல்லை.

இப்போது சில வருஷம் ஆகிறது. அக்காவின் முன்கையில் சிரை கயிறு மாதிரி புடைத்து வளைந்து போகிறது. குத்திக் குத்தி இரண்டு மேடு தட்டியிருக்கிறது. அரைக்கை சட்டைதான் போடுகிறாள். போன மாதம் டாக்டர் ஒரு மேட்டைத் தடவிப் பார்த்து, தோல் மெலிந்து வருகிறது, ஒரு கட்டத்தில் மேல்கையில் புதிதாக ஒன்று தைக்க வேண்டிவரும், ஆனால் அங்கே சிரை ஆழத்தில் இருக்கும் என்றார்.

அக்கா சட்டைக் கையை இன்னும் மேலே சுருட்டிவிட்டாள். "மேல்கையில சிரை ஆழமா இருக்கும்னு சொன்னீங்களே டாக்டர், அதைத் தோலுக்குப் பக்கத்துல எப்படிக் கொண்டுவருவீங்க?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.