பன்னிரண்டாவது இடம்

வேலைக்குப் போகிற இடங்களில் எல்லாம் அவருக்கு ரசமட்டம் என்றுதான் பெயர். தரைக்கு டைல்ஸ் ஒட்டுவது தொழில். இருபத்தாறு வருடமாக மண்டி போட்டு முழங்காலில் காய்ப்பு ஏறிய ஆசாமி. சட்டைப் பையில் தரை சமமா என்று பார்க்க, விரல் நீளத்துக்கு ஒரு குட்டி ரசமட்டம் எப்போதும் இருக்கும். அதன் குமிழி நடுக்கோட்டில் வந்து நின்றால்தான் அவருக்குச் சோறு இறங்கும். டீக்கடைக்குப் போனால் மேஜை மேல் அதை வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டார், முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டுவார். தன்னோடு டீ குடிக்க ஏன் யாரும் வருவதில்லை என்று அவருக்கே தெரியும்.

அவர் ஒட்டிய தரையை மறுநாள் வரை யாரும் மிதிக்கக் கூடாது. வாசலில் நூல் கட்டி அதில் ஒரு சின்னப் பலகையைத் தொங்கவிடுவார்: 'ஈரம் காயும் வரை தொடாதீர்கள்.' வீட்டுக்காரரே ஆனாலும் ஒரு கால் எட்டி வைத்துவிட்டால் போதும், பிடி பிடி என்று பிடித்துவிடுவார்.

"ஒட்டினா ஒட்டினதுதான். நீங்க சும்மா இருந்தா அது தானா பிடிச்சுக்கும். கால் அரிக்குதுன்னா தெருவுல போய் நடங்க!"

இந்த வசனத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. ஒரே ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கலாம். அந்தப் புத்தி எங்கே வந்தது?

அவர் வீட்டுக் கூடத்து மூலையில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், பாறைகள், நீல விளக்கு, அலை கிளப்ப ஒரு மோட்டார். அது மனைவியின் தம்பி பிடிக்கவைத்த பைத்தியம். மச்சான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். அவன் தொட்டியில் எட்டு வருடமாக வளர்த்த பவளம் ஒன்று இருந்தது. பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கிற கல்லை நினைத்துவிட வேண்டாம். இது உயிருள்ளது. ஆயிரக்கணக்கான பொடி ஜீவன்கள் சேர்ந்து கல்லாலேயே வீடு கட்டிக்கொண்டு, முட்டைக்கோஸ் இதழ் மாதிரி மடிப்பு மடிப்பாக விரியும். நல்ல ஆரஞ்சு நிறம், ஓரத்தில் மட்டும் ஊதா. அதிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பட்டன் அளவுக் கல்லில் ஒட்டி மாமாவுக்குக் கொடுத்தான்.

"முதல்ல கீழ வைங்க மாமா. வெளிச்சம் பழகட்டும். அப்புறம் ஒரு இடம் பாத்து ஒட்டிட்டு மறந்துடுங்க. அவ்வளவுதான்."

"ஒட்டறதுக்கு எனக்கே சொல்லித் தர்றியா நீ?" என்று சிரித்தார் ரசமட்டம்.

மூன்று நாள் மணலில் வைத்தார். நாலாம் நாள், பாவம், இருட்டாக இருக்கிறதே என்று மேல் பாறைக்கு ஏற்றினார். அங்கே நிறம் வெளுத்தது. இறக்கினார். இடப்பக்கம் அலை போதவில்லை என்று தோன்றியது, வலப்பக்கம் கொண்டுபோனார். அங்கே பக்கத்தில் இருந்த வேறொரு பவளம் இரவில் தேள் மாதிரி கொட்டிவிடுமோ என்று பயம். ஒருநாள் ரசமட்டத்தையே தண்ணீருக்குள் விட்டு வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை. ஒட்டியதை நெம்பி எடுத்து மட்டம் பார்த்து மறுபடி ஒட்டினார். கடலுக்கு அடியில் எந்த மேஸ்திரி மட்டம் பார்த்தான் என்று அவரைக் கேட்க அப்போது பக்கத்தில் ஆள் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கை பட்ட உடனே அந்தப் பொடி ஜீவன்கள் உள்ளே சுருங்கிக்கொள்ளும். அதைப் பார்த்து, 'இந்த இடமும் இதுக்குப் பிடிக்கல போலிருக்கு' என்று வேறு இடத்துக்கு மாற்றுவார். மாற்றியதும் இன்னும் சுருங்கும். இப்படியே ஆறு வாரத்தில் பதினோரு இடம். வாடகை வீடு மாறுகிறவன்கூட இத்தனை அலைச்சல் பட்டிருக்க மாட்டான்.

பதினோராவது இடத்தில் ஒட்டாமல் சும்மா வைத்தார். சாயங்காலம் வந்து கோணம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. வேலை முடிந்து வந்து பார்த்தால் துண்டைக் காணோம். தொட்டியின் பாசியை மேயும் நத்தை ஒன்று, எலுமிச்சம்பழ அளவு, ஒன்றும் தெரியாதது போல அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அது தள்ளிவிட்ட துண்டு பாறைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே விழுந்துவிட்டது. கையை விட்டுப் பார்த்தார். சிமெண்டு கலந்தே பெருத்த கை, மணிக்கட்டோடு நின்றுவிட்டது. பாறையை நகர்த்தலாம் என்றால் அதுவும் முடியாது. பூகம்பமே வந்தாலும் அசையாதபடி எபாக்ஸி பசை வைத்துக் கட்டியிருந்தார், அவரேதான். கட்டிய அன்று தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமை வேறு அடித்துக்கொண்டார்.

டார்ச் அடித்துப் பார்த்ததில் இருட்டுதான் தெரிந்தது. போய்ச் சேர்ந்திருக்கும் என்று முடிவு கட்டினார். வீட்டில் மூச்சு விடவில்லை. மச்சான் போனில் கேட்கும்போதெல்லாம், "அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு" என்றார். நாலு மாதம் அந்தச் செத்த பவளம் அவர் வாயிலேயே வளர்ந்தது. போன வாரம் உள்ளங்கை அகலம் வந்துவிட்டதாகச் சொன்ன ஞாபகம்.

வியாழக்கிழமை மச்சானிடமிருந்து போன்.

"மாமா, என் தொட்டி போச்சு. கண்ணாடி தானா விரிசல் விட்டு மொத்தத் தண்ணியும் கொட்டிருச்சு. ஒண்ணுகூட மிஞ்சல." குரல் கரகரத்தது. "உங்ககிட்ட கொடுத்தேனே, அது ஒண்ணுதான் மாமா மிச்சம். ஞாயித்துக்கிழமை வந்து ஒரு துண்டு எடுத்துக்கறேன்."

"வா... வாடா" என்றார்.

அந்த மூன்று நாளும் அவர் மனுஷனாக இல்லை. வண்ண மீன் விற்கிற கடைக்குப் போய் அதே மாதிரி ஒன்று கிடைக்குமா என்று பார்த்தார். பச்சை நிறம்தான் இருந்தது. நேற்றுத்தான் செத்தது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தார். ஒரு வீட்டில் டைல்ஸையே தலைகீழாக ஒட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு வருடம் ஒருத்தன் உயிராக வளர்த்ததில் கடைசித் துண்டைத் தன் கை அரிப்பால் கொன்றுவிட்டோம் என்று நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் தண்ணீர்ப் பையும் வாளியுமாக வந்து நின்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவன் கண் தொட்டியைத் தேடியது. அந்த முகத்தைப் பார்த்ததும் ரசமட்டத்துக்கு மூன்று நாளாகச் சேர்த்து வைத்த பொய்யெல்லாம் மறந்துபோயிற்று.

"மச்சான், அது இல்லடா. கொன்னுட்டேன். பதினோரு தடவை மாத்தினேன். கடைசியில பின்னால விழுந்துருச்சு. நாலு மாசமா உன்கிட்ட புளுகிக்கிட்டு இருக்கேன்."

மச்சான் வாளியைக் கீழே வைத்தான். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து நடத்துகிறவள். அந்த மெஷினின் பிளக் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிறது. தினமும் காலையில் அந்தச் சந்துக்குள் தலையை நீட்டித்தான் சொருக வேண்டும்.

"ரெண்டு பேரும் இங்க வாங்க. சுவத்துல கன்னத்த வச்சுக்கிட்டு உள்ள பாருங்க."

பார்த்தார்கள். பாறையின் முதுகில், பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் வந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில், ஆரஞ்சு இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்திருந்தன. ஓரத்தில் ஊதா. அடிப்பாகம் உருகி வழிந்த மெழுகு போலப் பாறையைப் பிடித்துப் படர்ந்திருந்தது. நிஜமாகவே உள்ளங்கை அகலம். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததால் ஒரேயடியாக ஒரு பக்கம் சாய்ந்து வளர்ந்திருந்தது; ரசமட்டத்தின் குமிழி அதைப் பார்த்தால் மயங்கி விழும்.

"மாமா," என்றான் மச்சான், சுவரிலிருந்து கன்னத்தை எடுக்காமலே, "இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எப்படிப் பிடிச்சீங்க?"

"நான் பிடிக்கல. நத்தை பிடிச்சுது" என்றார். மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"விழுந்த மறுநாளே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கைய விடுவீங்க. உங்க கைக்கு எட்டாம இருந்துச்சு, பொழைச்சுது."

மச்சான் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, என் தொட்டி தானா உடையல. சோபாவுல உக்காந்தா நல்லாத் தெரியுமேன்னு ரெண்டடி நகர்த்தினேன். பாதித் தண்ணியோட."

"நாள் பூரா ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறப்ப என்னடா சொல்ற நீ?" என்று கேட்டாள் அக்கா.

"அசையாதீங்கன்னு" என்றான் அவன்.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மீன்கள் பாறைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தன. துண்டு வெட்டும் வேலை மனைவியிடம் போயிற்று. அவள் கைதான் பாறைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழையும். ரசமட்டம் தன் டைல்ஸ் வெட்டும் இடுக்கியைக் கழுவிக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் இடப்பக்கம்..." என்று வாயெடுத்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஒரே வெட்டு. மச்சான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினான்.

மறுநாள் வேலை முடிந்து, வாசலில் நூல் கட்டிவிட்டுப் பையைத் துழாவினால் பலகையைக் காணோம். வெறும் நூலோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். நேராகத் தொட்டியிடம் போனார். வெட்டிய இடம் எப்படி இருக்கிறது, ஒரு குச்சியால் லேசாகத் தொட்டுப் பார்த்தால் என்ன என்று சட்டையின் முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

தொட்டியின் விளிம்பில் அவருடைய பலகை தொங்கியது. 'ஈரம் காயும் வரை தொடாதீர்கள்.'

தொட்டித் தண்ணீரைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மடித்த கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

பலகை ஒரு நூல் அளவு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவர் விரல் தானாக எழுந்தது. அதை மறு கையால் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, பலகை கோணலா இருக்கே?"

"தெரியும்" என்றாள் அவள், மெஷினை நிறுத்தாமல். "அப்படித்தான் மாட்டினேன்."