தாய்மாமனுக்கு அடிக்காத பிளாஷ்

என் மகள் ஒரு விசேஷ வீட்டில் முதன்முதலாக எடுத்த படங்களை யாரும் நம்பவில்லை. படங்கள் நன்றாக இல்லை என்பதில்லை. அவள் எடுத்தாள் என்பதையே நம்பவில்லை.

மலைக்கிராமமான வடகவுஞ்சியில் நடந்த நிச்சயதார்த்தம் அது. மணப்பெண் என் மகளோடு கல்லூரியில் படித்தவள். பூண்டு பயிரிடும் குடும்பம். வெளியாள் எதற்கு, என் தோழியே எடுப்பாள் என்று வீட்டில் அடம்பிடித்து இவளை ஏற்பாடு செய்திருந்தாள். நிச்சயம், கல்யாணம் இரண்டும் இவள் பொறுப்பு. ஆட்களைப் படமெடுப்பது இவளுக்கு அதுதான் முதல் தடவை. அதுவரை எடுத்ததெல்லாம் பாசி, காளான், மரப்பட்டை. சோலைக்காடுகளைப் பற்றிப் புத்தகம் போடும் ஓர் அம்மையாரிடம் உதவியாளராக இருந்தாள். அவர் வெளியூர் போகும்போது தன் கேமராவை நம்பி இவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாராம்: இதன் தலையில் கண்ட பிளாஷையும் ஏற்றிவிடாதே.

அது ஒரு டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர். பார்க்க என் அப்பா காலத்துக் கேமரா போல இருக்கும். லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேல் ஓரத்தில் தனியாக ஒரு சின்ன ஜன்னல். அதில் எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பித் திருப்பி இருவரையும் ஒருவராக்க வேண்டும், அப்போதுதான் படம் தெளிவாக விழும். ஃபிலிம் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு கைப்பிடியை இழுக்க வேண்டும்.

“டிஜிட்டல்னா இதை எதுக்கு இழுக்கணும்?” என்று கேட்டேன்.

“அப்பா எதுக்கு ரிமோட்டைத் தொடையில தட்டுறாரு? அந்த மாதிரிதான்” என்றாள்.

சத்தம் அதிகம் போடாத கேமரா. உள்ளே பிளாஷும் கிடையாது. இருக்கிற வெளிச்சத்திலேயே எடுத்துவிடலாம் என்று இவள் போயிருந்தாள். அங்கேதான் சிக்கல். ஆட்கள் வரிசையாக வந்து நின்றார்கள். மூச்சைப் பிடித்து, வயிற்றை உள்ளே இழுத்து, கண்ணை இமைக்காமல் நின்றார்கள். இவள் எடுத்து முடித்தாள். அவர்கள் நகரவில்லை. “முடிஞ்சுதுங்க” என்றாள். “இன்னும் பிளாஷ் அடிக்கலையேம்மா” என்றார்கள். இவள் மறுபடி எடுத்தாள். அவர்கள் மறுபடி நின்றார்கள். தட்டு மாற்றும்போது பெண்ணின் தாய்மாமன் தாம்பூலத் தட்டைக் கை வலிக்கப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார். வெளிச்சம் வரவே இல்லை.

அந்தப் பக்கத்தில் எந்த விசேஷமானாலும் முதல் பிளாஷ் தாய்மாமனுக்குத்தான். அவர் முகத்தில் வெளிச்சம் அடித்த பிறகுதான் மற்றவர்கள் மேடைக்கு வருவார்கள். மாலை போடுவது, சந்தனம் கொடுப்பது போல அதுவும் ஒரு மரியாதை. இந்த விவரத்தைக் காளானும் பாசியும் என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தாய்மாமன் சாப்பிடாமல் பூண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாராம்.

இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அப்பா நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை நிறையப் பூண்டு. சொல்ல வந்த விஷயம் கசப்பானது என்று அந்தப் பையின் கனத்திலேயே தெரிந்தது.

“பாப்பா நல்லாத்தான் எடுத்திருக்கும் டீச்சர், நான் குத்தம் சொல்லல. ஆனா எங்க மச்சான் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுக் கெடக்காரு. ஊருக்கே சாப்பாடு போட்டீங்க, எனக்கு ஒரு பிளாஷ் போட முடியலையான்னு கேக்குறாரு.”

மகள் கேமராவின் பின்பக்கத் திரையில் படத்தைக் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“வந்திருக்கு. இல்லைங்கல. ஆனா அவருக்குத் தெரியாம எடுத்த மாதிரில இருக்கு.”

மகள் திரையை அணைத்தாள்.

“கல்யாணத்துக்கு பிளாஷோட வந்தா பாப்பாவே எடுக்கட்டும். இல்லேன்னா பழனி ஸ்டூடியோக்காரருக்குச் சொல்லிப்புடுறேன். தப்பா நெனைக்காதீங்க, நான் அவரையும் சமாளிக்கணும்ல.”

அவர் போனபின் மகள் பூண்டை உரித்தாள். சமையலுக்குத் தேவைப்பட்டதைவிட மிக அதிகமாக உரித்தாள். முதல் வேலையே கையை விட்டுப் போகப்போகிறது.

அந்த நாட்களில் என் நிலையையும் சொல்லிவிட வேண்டும். அதற்குக் கொஞ்ச காலம் முன்பு, மழையில், அவள் வந்த பஸ் மலைப்பாதை வளைவில் வழுக்கி ஓரச்சுவரில் சாய்ந்து நின்றுவிட்டது. எல்லோரும் ஜன்னல் வழியாக இறங்கினார்கள். முழங்கையில் ஒரு சிராய்ப்போடு வீட்டுக்கு வந்து காபி கேட்டாள். அவளுக்கு அது அந்தக் காபியோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. அவள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டாலே என் கை நடுங்கும். செல்போனில் கூப்பிட்டால் பாதி நேரம் சிக்னல் இருக்காது. அதனால் பிளாஷ் தேடும் வேலை வந்ததும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கவலைப்படுவதற்கு ஒரு பொருள் கிடைத்தது. அதுவும் கடையில் விற்கிற பொருள்.

கேமராவுக்கு பிளாஷ் தேடுவது வரன் தேடுவது போலத்தான். முதலில் நல்ல குடும்பம். அதாவது அந்தக் கேமராவைச் செய்த கம்பெனியே செய்த பிளாஷ். சென்னைக் கடைக்குப் போன் செய்தோம். தருவித்துத் தருகிறோம், ஆனால் கல்யாணத் தேதிக்குப் பிறகுதான் வரும் என்றார்கள்.

அடுத்தது பக்கத்து இடம். ஏரிக்கரை அருகே சுற்றுலா வருகிறவர்களுக்கு பேட்டரியும் மெமரி கார்டும் விற்கும் கடையில் ஒன்று இருந்தது. வேறு கம்பெனிக் கேமராவுக்காகச் செய்தது. சோதித்துப் பார்க்க வீட்டுக்குக் கொடுத்தார்கள். கேமராவின் தலையில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் இரண்டும் பேசிக்கொள்ளவில்லை. எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கேமரா சொல்வது அதற்குப் புரியவில்லை. ஒவ்வொரு முறையும் முழு பலத்தோடு எரிந்தது. குறைப்பதற்கு அதில் வழியும் இல்லை. என்னை உட்காரவைத்து எடுத்தாள். படத்தில் நெற்றியும் மூக்கும் காணவில்லை. வெள்ளை வெளியில் பொட்டு மட்டும் மிதந்தது.

“கோபக்கார மாப்பிள்ளை. வேண்டாம்மா” என்றாள் மகள்.

மூன்றாவதற்குப் பழனிக்கு இறங்கினோம். நானும் கூடப் போனேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அடிவாரத்தில் ஒரு ஸ்டூடியோ. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகளைத் திரையில் வரைந்த மலைக்கு முன்னால் நிறுத்தி, வெளியே நிஜமலை இருக்கும்போதே, படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வாடகைக்குப் பெரிய பழைய பிளாஷ் ஒன்று கிடைத்தது. செங்கல் கனம்.

“எந்தக் கேமரா தலையிலயும் ஒக்காரும்மா” என்றார் கடைக்காரர். “இது எத்தனை கல்யாணம் பாத்திருக்கு தெரியுமா? இதைப் பாத்துக் கண்ணை மூடாத மாப்பிள்ளையே இந்தப் பக்கம் கெடையாது.”

வீட்டுக்கு வந்ததும் மகள் மாட்டப் போனாள். நான் கையைப் பிடித்தேன். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். பழைய பிளாஷ்கள் கேமராவோடு தொடும் இடத்தில் அதிக மின்னழுத்தத்தை வைத்திருக்கும். பழைய கேமராவில் இரண்டு தகடுகள் ஒட்டிப் பிரியும், அவ்வளவுதான், அது தாங்கிக்கொள்ளும். டிஜிட்டலுக்குள்ளே இருப்பது நுணுக்கமான மின்சுற்று. பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து மல்டிமீட்டரை வாங்கி வந்தேன்.

“ஜாதகம் பாக்காம விடமாட்ட” என்றாள்.

பிளாஷைப் போட்டு, அதன் முனகல் அடங்கி ஆரஞ்சு விளக்கு எரிந்ததும், மீட்டரின் ஒரு முனையை அடிப்பக்கத்து நடுப்புள்ளியிலும் மற்றதை ஓரத் தகட்டிலும் வைத்தேன்.

“கையை எடும்மா, உன் நடுக்கத்துல முள்ளு பரதநாட்டியம் ஆடுது.”

அவள் பிடித்தாள். முள் இருநூறு வோல்ட்டைத் தாண்டி நின்றது. கேமராவோடு வந்த சிறு புத்தகம் அனுமதித்தது அதில் ஒரு சின்னப் பங்குதான். மாட்டியிருந்தால் அந்த அம்மையாரின் கேமரா அப்போதே கருகியிருக்கும். இருவரும் சற்று நேரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம், வீட்டுக்குள் வந்த பாம்பைப் பார்ப்பது போல.

“இனி இதைத் தனியா எரியவிட்டு வேடிக்கை பாக்க வேண்டியதுதான்” என்றேன் வெறுத்துப்போய். அதன் முதுகில், எரிகிறதா என்று சோதிக்க ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். அறை முழுக்க வெளுத்தது.

மகள் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா, பிளாஷ் மாமாவுக்குத்தான் வேணும். கேமராவுக்கு வேணாம்.”

“புரியல.”

“நீ பக்கத்துல நின்னு கையில பிடிச்சு அடி. நான் என் பாட்டுக்கு எடுக்கறேன். நீ எப்படியும் வரத்தானே போற?”

“நான் வரேன்னு சொல்லவே இல்லையே.”

“சொல்லல. ஸ்வெட்டரை எடுத்து வெளிய வச்சிருக்க.”

“இது ஏமாத்து வேலை இல்லையாடி?”

“படமும் எடுக்கறோம், வெளிச்சமும் கொடுக்கறோம். இதுல யாருக்கு என்ன குறை?”

கல்யாணத்தன்று வெள்ளனே போய்ச் சேர்ந்தோம். பந்தலுக்குள் பாதி மேகம் வந்து உட்கார்ந்திருந்தது. தாய்மாமன் பட்டுத்துண்டும் சீர்த்தட்டுமாக மேடையேறினார். மகளைக் கண்டுகொள்ளவில்லை. என் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகம் மாறியது.

“டீச்சரம்மா, நீங்கதான் பிளாஷா?”

“ஆமாங்க.”

“அப்ப சரி. வெரசா அடிங்க, முகூர்த்தம் போயிரும்.”

அடித்தேன். மேகம் முழுக்கப் பற்றிக்கொண்டது போல இருந்தது. கூட்டத்தில் ஒரு திருப்தி முணுமுணுப்பு எழுந்தது. முதல் பிளாஷ் முறைப்படி போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆனால் கொஞ்ச நேரத்தில் மகள் வந்து காதைக் கடித்தாள். “எல்லாரும் உன்னையே பாக்கறாங்கம்மா. ஒரு படத்துலகூட யாரும் என் பக்கம் திரும்பல. பொண்ணு, மாப்பிள்ளை உட்பட.”

“என்ன செய்யட்டும்?”

“நீ அடிச்சுட்டுக் கையை இறக்கிரு. அதுக்கப்புறம் எடுத்துக்கறேன்.”

அதன்பின் அது ஒரு முறையாகிவிட்டது. நான் பிளாஷை உயர்த்துவேன். “ஏலே, கண்ணை மூடாத, டீச்சர் அடிக்கப் போறாங்க” என்று யாராவது அதட்டுவார்கள். எல்லோரும் விறைப்பார்கள். அடிப்பேன். உடனே இழுத்துப் பிடித்த வயிறுகள் இறங்கும், துண்டை உதறுவார்கள், பெண்கள் ஒருத்தி முந்தானையை ஒருத்தி சரிசெய்தபடி சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குள் கேமராவின் கைப்பிடி இழுபடும் சத்தம் கேட்கும். பிளாஷ் மறுபடி முனகி ஆரஞ்சு விளக்குக் காட்டும்வரை அடுத்த குடும்பம் பொறுமையாக நிற்கும். “லைட்டு வந்திருச்சா டீச்சர்?” என்று விசாரிப்பார்கள். என் கை நடுங்கியது. அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

சாப்பாட்டுப் பந்தி நடந்தபோதுதான் தேடினேன். மகள் ஒரு ஜீப்பின் மேல் ஏறி நின்று பந்தலுக்குள் குறி பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது ஏறினாள் என்று எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து அவள் எங்கே நிற்கிறாள் என்று நான் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை.

ஆல்பத்தைக் கொடுக்கப் போன நாளில் பெண்ணின் வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்பா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் குழம்பியது.

“யாருமே நேராப் பாக்கலையே தாயி.”

மகளுடைய காபி ஆறிக்கொண்டிருந்தது.

தாய்மாமன் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியை மாட்டினார். ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார். சீர்த்தட்டை அப்போதுதான் இறக்கி வைத்திருக்கிறார். மணப்பெண் அவர் காதில் என்னவோ சொல்லியிருக்கிறாள். மனிதர் விழுந்த பல் தெரியச் சிரிக்கிறார், ஒரு கை அவள் தலையில் இருக்கிறது. வெகுநேரம் பார்த்தார்.

“இது எப்ப எடுத்தது?”

“பிளாஷ் அடிச்ச உடனே மாமா” என்றாள் மகள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

“பாத்தியா மச்சான். எத்தனை கல்யாணத்துல என்னைய எடுத்திருக்கானுவ, ஒண்ணுலயாவது நான் சிரிச்சிருக்கேனா? எல்லாத்துலயும் போலீசு பிடிச்ச ஆளு மாதிரி நிப்பேன். பிளாஷுன்னா இப்பிடி இருக்கணும்.”

மகள் குனிந்து காபி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

தாய்மாமன் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

“தை மாசம் என் மகனுக்கு முடிக்கிறோம் டீச்சர். வேற சோலி எதுவும் வச்சுக்காதீங்க, நீங்கதான் வரணும்.” பிறகு ஏதோ நினைவு வந்தவராக மகளைப் பார்த்தார். “பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க.”