அமெரிக்க உறுமலும் அருப்புக்கோட்டை ஃபைசலும்

ஃபைசல் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். விசைத்தறியில் இடது மோதிர விரலின் நுனி போன பிறகு, மீதி விரல்களை வைத்துக் கிடார் பழகினான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத ஊரிலிருந்து விருதுநகர் போட்டிக்குப் போய், வாத்தியார் வைத்துப் படித்தவர்களுக்கு நடுவில் முதல் பரிசு வாங்கினான். பாட்டுச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்விடும் அத்தாவை ஜெயித்தான். பந்தல்குடிக் கச்சேரிக்கு அவர் யாரிடமும் சொல்லாமல் வந்து, கூட்டத்துக்குப் பின்னால் கடலை தின்றபடி கடைசிப் பாட்டு வரை நின்றார். தனுஷ்கோடியின் மெல்லிசைக் குழுவில் முதல் கிடார்க்காரன் என்ற இடத்தையும் பிடித்தான். எல்லாம் இந்தோனேசியாவில் செய்த ஒரு வெல்டன் கம்பெனி கிடாரை வைத்துக்கொண்டு.

கடைசியாகச் சொன்ன அந்த இடத்துக்குத்தான் சபீர் ஆசைப்பட்டான்.

சபீர் மாமி மகன். துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். எந்தப் பொருளையும் கவிழ்த்துப் பார்த்து, அடியில் போட்டிருக்கும் நாட்டின் பெயரைப் படித்த பிறகுதான் அது நல்ல பொருளா இல்லையா என்று அவனுக்குத் தெரியவரும். அவன் வீட்டு ஃபிரிட்ஜில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. டி.வி. ரிமோட் வாங்கிய நாளிலிருந்து பாலித்தீன் உறைக்குள் கிடக்கிறது. இந்தத் தடவை அவன் கொண்டுவந்தது ஒரு வெல்டன் கிடார், அமெரிக்காவில் செய்தது. அதன் முகப்பில் ஒட்டியிருந்த பிலிமை அவன் உரிக்கவில்லை. உரித்தால் புதுசு போய்விடுமாம்.

திருச்சுழிப் பக்கம் ஓர் ஊரில் வைகாசிப் பொங்கல் கச்சேரி. அதில் தான் வாசிப்பதாகச் சபீர் சொன்னதும் தனுஷ்கோடிக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்து, பிறகு சவுண்ட் சர்வீஸ் போட்டு, அதற்குப் பிறகு குழு ஆரம்பித்தவர். மைக்கில் 'அமெரிக்கக் கிடார்' என்று சொல்லும் வாய்ப்பு அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை. ஆனாலும் நியாயவான் என்று பெயர் எடுக்க வேண்டுமே. மூன்று கிடாரையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிடலாம் என்றார். மூன்றாவது, குழுவுக்கென்று மதுரையில் பழசாக வாங்கிய மெக்சிகோ வெல்டன். எது ஜெயிக்கிறதோ அதன் ஆள் மேடையில் உட்காருவான்.

சவுண்ட் சர்வீஸ் குடோனில் பாயை விரித்து மூன்றையும் கிடத்தினார்கள். தனுஷ்கோடி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். வத்தல் மூட்டையை முகர்கிற மாதிரியே முகர்ந்தும் பார்த்தார்.

"அமெரிக்கா கனமா இருக்கு. வாசமே தனி" என்றார்.

"வாசம் பெட்டியோடது, அண்ணாச்சி" என்றான் ஃபைசல்.

"ஏலே ஃபைசலு, பொறாமப்படாத" என்றான் சபீர். "இதோட கழுத்தக் கழட்டிப் பாத்தா, செஞ்சவன் உள்ள பென்சில்ல கையெழுத்துப் போட்டிருப்பான். உன்னோடதுல யாருலே போட்டிருக்கா?"

தனுஷ்கோடி சிரித்தார்.

சபீர் ஒயரைச் சொருகி ஆம்ப்ளிஃபயரைப் போட்டான். கம்பியில் கை வைக்கும் முன்பே ஆம்பிலிருந்து 'உர்ர்ர்' என்று ஓர் உறுமல் கிளம்பியது. தனுஷ்கோடி கண்ணை மூடிக்கொண்டார்.

"சும்மா இருக்கும்போதே என்ன கம்பீரம் பாத்தியா. அமெரிக்கா அமெரிக்காதான்."

அடுத்து மெக்சிகோ. அதே உறுமல். "இதுவும் பரவாயில்ல. பக்கத்து நாடுல்ல" என்றார். ஃபைசல் தன் கிடாரைச் சொருகினான். அதே உர்ர்ர், துளியும் கூடவோ குறையவோ இல்லை. தனுஷ்கோடி முகத்தைச் சுளித்தார். "தம்பி, உன்னோடது என்னப்பா, இந்த எரைச்ச எரையுது? உள்ள ஏதோ கோளாறு."

ஃபைசல் எழுந்து வெளியே போனான். குடோனுக்குப் பின்னால் எர்த் கம்பி இறக்கியிருந்த இடத்தில், மாசியிலிருந்து ஒரு சொட்டு மழை காணாத கரிசல் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. இந்தப் பக்கத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற எவனும் கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் காட்டுவான்; மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது, ஆம்ப் உறுமும். தனுஷ்கோடியும் காட்டுகிறவர்தான், அமெரிக்கா வந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டார். ஃபைசல் ஒரு கை உப்பைப் போட்டு, ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தான்.

மறுபடியும் சொருகிப் பார்த்தபோது மூன்று கிடாரும் வாயை மூடிக்கொண்டன. தனுஷ்கோடி திடுக்கிட்டுப் போனார்.

"அய்யய்யோ, அமெரிக்கா செத்துப்போச்சு. தம்பி, நீ என்னத்தையோ நோண்டிட்ட."

"எர்த்துக்குத் தண்ணி ஊத்துனேன், அண்ணாச்சி."

"எதுக்கு ஊத்துன? நல்லாத்தான இருந்துச்சு?"

சபீரும் ஆமாம் என்று தலையாட்டினான். துபாயில் அது இன்னும் பலமாக உறுமும் என்று வேறு சொன்னான்.

குழுவின் பாடகி மாரீஸ்வரி அதுவரை சுவரில் சாய்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு எழுந்தாள். "எனக்குத் தொண்ட கட்டியிருக்கு. இந்த வாரம் அரைக் கட்டை எறக்கித்தான் பாடுவேன். சபீரண்ணே, சுருதிய எறக்குங்க."

சபீர் கிடாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "இது கம்பெனில வச்ச சுருதி. இதத் திருகுனா ஒரிஜினல் போயிரும்."

பிளேனில் வந்த குலுக்கலில் அந்த ஆறு கம்பிகளும் ஆளுக்கொரு திசையில் போயிருந்தன. அது அவன் காதுக்கு எட்டவில்லை. பெட்டியில் எழுதியிருந்தால் எட்டியிருக்கும்.

"அப்ப நீ அமெரிக்கா சுருதிக்குப் பாடும்மா" என்றார் தனுஷ்கோடி.

"எனக்குச் சுருதிதான் வேணும் அண்ணாச்சி, பாஸ்போர்ட்டு வேண்டாம்" என்றாள் மாரீஸ்வரி. "ஃபைசலு வாசிக்கலன்னா நான் திருச்சுழிக்கு வரல."

அவள் வரவில்லையென்றால் கச்சேரியே இல்லை. அந்த ஒரு கணக்கு மட்டும் தனுஷ்கோடிக்கு உடனே விளங்கியது. இறங்கி வந்தார். ஆனால் பாதிதான் இறங்கினார். ஃபைசலே வாசிக்கட்டும், கையில் மட்டும் அமெரிக்கா இருக்கட்டும் என்றார். பிலிமை உரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சபீரும் சம்மதித்தான்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றான் ஃபைசல். "என் கிடாரத்தான் வாசிப்பேன். மைக்குல சொல்றதா இருந்தா இந்தோனேசியான்னு சொல்லுங்க. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

"இந்தோனேசியான்னா சனம் பாமாயிலுன்னுல்ல நெனைக்கும்."

"நெனைக்கட்டும்."

கச்சேரியன்று பொழுது சாய்ந்ததும் மேடை ஏறினார்கள். தனுஷ்கோடி மைக்கைப் பிடித்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். ஃபைசல் முறை வந்ததும் குரலை உயர்த்தி, "அடுத்து, உலகத்தரம் வாய்ந்த இண்டர்நேசனல் கிடார்" என்றார். அமெரிக்கா என்று சொல்ல முடியாத ஆள் கண்டுபிடித்த சந்து அது.

ஃபைசல் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தான். டிரம்ஸ்காரன் இரண்டு தடவை ஆரம்பித்து நிறுத்தினான். மாரீஸ்வரி தனுஷ்கோடியைப் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ, "என்னய்யா, கரண்டு போச்சா?" என்று கேட்டார்கள். சிரிப்பு கிளம்பியது. தனுஷ்கோடி கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தோனேசியா கிடார்" என்றார் மெதுவாக. பிறகு, தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, "வாசிப்பது அருப்புக்கோட்டை ஃபைசல்" என்று பலமாகச் சேர்த்தார். அருப்புக்கோட்டை என்றதும் விசில் பறந்தது. ஃபைசல் கையை எடுத்தான். அன்று அவன் வாசித்ததற்கு எந்த ஊர் முத்திரையும் தேவைப்படவில்லை. முன்வரிசையில் இருந்த சபீர், பக்கத்தில் இருந்தவரிடம் தன்னிடம் இருப்பது அமெரிக்கா என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவர் பாட்டைக் கேட்கவிடச் சொன்னார்.

மறுநாள் காலையில் ஃபைசல் தன் கிடாரின் கழுத்தைக் கழற்றினான். திருகாணிகள் உருண்டுவிடாமல் அக்கா ரைஹானா அவற்றை டப்பா மூடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். சபீர் சொன்னதில் பாதி சரிதான். உள்ளே யாருடைய பெயரும் இல்லை. மிஷின் குத்திய ஒரு நம்பரும் வெறும் மரமும்தான் இருந்தன. ஆனால் கழுத்து நுனியில் கம்பிகளைத் தாங்கும் கட்டை, போன பக்ரீத் எலும்பில் ஃபைசல் அரத்தால் ராவி வைத்தது. உள்ஒயர் முழுவதும் அவன் மாற்றிப் பற்றவைத்தது. கழுத்தின் குறுக்கே ஓடும் தேய்ந்த உலோகக் கட்டைகளை இழைத்து மட்டம் பார்த்தவனும் அவன்தான்.

"யாரும் போடலல்ல, நீ போடு" என்றாள் ரைஹானா.

பென்சிலை எச்சில் தொட்டு, வெறும் மரத்தில் நிதானமாக எழுதினான். தன் கைவேலையில் அவன் போட்ட முதல் கையெழுத்து அது: ஃபைசல், அருப்புக்கோட்டை, 26-5-2024.